பேச்சுப் பரீட்சைக்கு எப்படிப் பழகுவது? மலையகத்திலிருந்து ஆயத்தமாவோருக்கு ஓர் ஒப்பீடு

ஹட்டன் பக்கத்தில் பல ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பித்து வரும் என்னிடம், வெளிநாட்டுப் படிப்புக்கோ வேலைக்கோ விண்ணப்பிக்க நினைக்கும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "ஐஈஎல்டிஎஸ் ஸ்பீக்கிங்குக்கு எந்தக் கிளாசுக்குப் போனா நல்லது, மிஸ்?" ஐஈஎல்டிஎஸ் என்பது வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் கேட்கப்படும் ஆங்கிலப் பரீட்சை; ஸ்பீக்கிங் அதன் பேச்சுப் பகுதி. வகுப்புக்குப் போவது என்று வீட்டிலேயே தீர்மானமாகிவிடுகிறது, எந்த வகுப்பு என்பது மட்டுமே மிச்சமிருக்கிறது. வகுப்பைத் தவிர வேறு வழிகளும் இருக்கின்றன என்பதையும், அவற்றில் சில நம் ஊர்களிலேயே காசில்லாமல் கிடைக்கின்றன என்பதையும் அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லியிருப்பதில்லை. பரீட்சைக் கட்டணம் மட்டுமே தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் ஒரு தாயின் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டிவிடுகிறது. நகையை அடகு வைத்துக் கட்டிய பணத்தோடு பரீட்சைக்குப் போகும் பிள்ளை, எப்படிப் பழகுவது என்பதையும் அதே கவனத்தோடு தெரிவுசெய்ய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எல்லா வழிகளையும் நான் ஓர் அளவுகோலை வைத்துத்தான் ஒப்பிடுகிறேன். ஒரு வாரத்தில் உங்கள் சொந்த வாய் எத்தனை நிமிடம் ஆங்கிலம் பேசுகிறது, அதில் எத்தனை நிமிடத்தை யாராவது கவனித்துத் திருத்துகிறார்கள்? சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் நம் பிள்ளைகள் ஆங்கிலத்தைக் கண்ணாலும் கையாலும் படித்திருக்கிறார்கள். காலவினைகளை எழுதச் சொன்னால் எழுதுவார்கள். பேச வேண்டிய நிமிடங்கள்தாம் அவர்களுக்குக் கிடைத்ததில்லை. தோட்டத்து லயக் குடியிருப்பில் தமிழும் கடைத்தெருவில் சிங்களமும் போதுமாக இருக்கும்போது, ஆங்கிலத்துக்கு நாவில் இடம் கிடைப்பது அரிது.

பரீட்சையின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐஈஎல்டிஎஸ் பேச்சுப் பகுதி 11 முதல் 14 நிமிடம் வரை நடக்கும். முதற்பகுதியில் வீடு, ஊர், படிப்பு, பொழுதுபோக்கு போன்ற பழகிய விடயங்களைப் பற்றி 4 அல்லது 5 நிமிடம் கேட்பார்கள். இரண்டாம் பகுதியில் ஒரு தலைப்பு அட்டையைத் தந்து, குறிப்பெடுக்கத் தாளும் பென்சிலும் 1 நிமிடமும் கொடுத்து, அதன்பின் 2 நிமிடம் வரை இடைவிடாமல் பேச விடுவார்கள். மூன்றாம் பகுதி, அந்தத் தலைப்பையொட்டிய பொதுவான கருத்துகளைப் பற்றிய 4 அல்லது 5 நிமிட உரையாடல். சரளமும் கோவையும், சொல்வளம், இலக்கணத்தின் வீச்சும் பிழையின்மையும், உச்சரிப்பு ஆகிய நான்கையும் சமமாக நிறுத்துப் புள்ளியிடுகிறார்கள். ஒருவருக்கு இரண்டில் 7உம் இரண்டில் 6உம் கிடைத்தால் அவருடைய பேச்சுப் புள்ளி 6.5. ஆகவே உச்சரிப்பு ஒன்றையே திருத்திக்கொண்டு மற்ற மூன்றையும் விட்டுவிடுகிறவருக்கு முழுப் பயன் கிடைக்காது. பரீட்சகர் நம் பேச்சு விளங்குகிறதா என்றுதான் பார்க்கிறார். இலங்கைத் தமிழர் போலப் பேசுவதற்காகப் புள்ளி குறைவதில்லை.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னர், எந்தப் பரீட்சை என்பதையும் ஒரு முறை யோசித்துக்கொள்வது நல்லது. ஐஈஎல்டிஎஸ்ஸில் உங்களோடு ஒரு மனிதர் பேசுகிறார்; சில நிலையங்களில் அவர் வீடியோ அழைப்பில் வருவார், ஆனாலும் மனிதர்தான். பிடிஈ என்ற இன்னோர் ஆங்கிலப் பரீட்சையில் நீங்கள் கணினி முன் அமர்ந்து ஒலிவாங்கியில் பேசுகிறீர்கள்; 3 விநாடி மௌனமாக இருந்துவிட்டால் ஒலிவாங்கி மூடிக்கொள்ளும். பெரியவர் முகத்தைப் பார்த்ததும் வார்த்தை வராமல் போகும் பிள்ளைக்குப் பிடிஈ ஆறுதலாக இருக்கலாம். யோசித்து யோசித்து நிதானமாகப் பேசுகிறவருக்கு அது பகை. தாதியருக்கு, மருத்துவத் துறையினருக்கென்றே நடத்தப்படும் ஓஈடி என்ற மூன்றாவது ஆங்கிலப் பரீட்சையும் உண்டு. அதில் நோயாளியாக நடிப்பவரோடு ஏறத்தாழ ஐந்து நிமிட உரையாடல் இரண்டு நடத்த வேண்டும். ஒவ்வொன்றுக்கும் முன்னர் 3 நிமிடம் ஆயத்த நேரம் கிடைக்கும். நுவரெலியா, பதுளை வைத்தியசாலைகளில் வார்டில் வேலை செய்தவர்களுக்கு அந்தச் சூழல் சொந்தமானது என்பதால், பிரித்தானியாவில் தாதியாகப் பதிவதற்கு ஐஈஎல்டிஎஸ்ஸில் பேச்சுக்கு 7 எடுக்கத் திணறியவர்கள் இதைத் தனியாக விசாரித்துப் பார்க்க வேண்டும். எந்தப் பரீட்சையை ஏற்கிறார்கள் என்பதை நீங்கள் விண்ணப்பிக்கும் நிறுவனத்தின் இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளாமல் முகவர் சொன்னதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். இனி வருவது பெரும்பாலும் ஐஈஎல்டிஎஸ்ஸை மனத்தில் வைத்து எழுதியது.

முதலில், நகரத்து வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை மஸ்கெலியாவிலிருந்தோ பொகவந்தலாவையிலிருந்தோ பஸ் ஏறி ஹட்டனுக்கு வந்து, இரண்டு மணிநேரம் படித்துத் திரும்பினால் அந்த நாளின் பாதி போய்விடும். கண்டிக்குப் போகிறவர்களுக்கு முழு நாளும் போய்விடும். இருபத்தைந்து பேர் இருக்கும் வகுப்பில் 120 நிமிடத்தைச் சமமாகப் பங்கிட்டால், ஆசிரியர் வாயே திறக்காவிட்டாலும் ஒருவருக்கு 5 நிமிடம் வராது. அவர் ஒரு மணிநேரம் விளக்கம் சொன்னால் உங்களுக்குக் கிடைப்பது இரண்டரை நிமிடத்துக்கும் குறைவு. வாரத்துக்கு இரண்டரை நிமிடம் பேசி எந்த மொழியும் வசப்படாது.

அதற்காக வகுப்பு வீண் என்று நான் சொல்லவில்லை. பரீட்சையின் அமைப்பே தெரியாதவருக்கு முதல் மூன்று நான்கு வாரங்கள் அது மிகவும் உதவும். தன்னைப் போலவே தடுமாறும் இன்னும் இருபது பேரைப் பார்ப்பதும் ஒரு தைரியம்தான். வகுப்பில் கிடைக்கும் மிகப் பெரிய பயன், அங்கே சந்திக்கும் நண்பர்கள். இதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் ஒரு விடயத்தில் எனக்கு மிகுந்த வருத்தம் உண்டு. சில வகுப்புகளில் இரண்டாம் பகுதிக்கென்று விடைகளை அச்சடித்துக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். என்னிடம் வந்த மூன்று பிள்ளைகள், தனித்தனி நாட்களில், "நீங்கள் சென்ற இடம் ஒன்றைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டபோது, சீகிரியாவைப் பற்றிய ஒரே விடையை ஒரே சொற்களில் ஒப்பித்தார்கள். மூவரில் ஒருவர்கூடச் சீகிரியாவுக்குப் போனதில்லை. இப்படி ஒப்பிப்பதை இனங்காணப் பரீட்சகர்கள் பயிற்சி பெற்றவர்கள். அடுத்து வரும் கேள்வியிலேயே பிள்ளையின் குரலும் வேகமும் மாறிவிடுவதால் எவருக்கும் அது விளங்கிவிடும். அப்படிப்பட்ட அச்சுத்தாள் கையில் தரப்படும் வகுப்பிலிருந்து அன்றே விலகிவிடுங்கள்.

இரண்டாவது, இணையவழியில் ஒருவருக்கு ஒருவராகப் படிப்பது. நிமிடக் கணக்கில் இதற்கு நிகரில்லை: முக்கால் மணிநேர வகுப்பில் அரை மணிநேரமாவது உங்கள் வாய் பேசும், ஒவ்வொரு பிழையையும் ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார். செலவுதான் தடை. கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருக்கும் நல்ல ஆசிரியரின் ஒரு மணிநேரக் கட்டணத்தில் நகரத்து வகுப்பில் பல வாரங்கள் படிக்கலாம். இன்னொரு தடை நம் மலைகள். மேற்குச் சரிவில் வட்டவளை, நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கம் தென்மேல் பருவமழை பிடித்துக்கொண்டால் மின்சாரமும் சிக்னலும் சொல்லிக்கொள்ளாமல் போகும். ஊவாப் பக்கத்தில் இந்தத் தொல்லை மார்கழி, தை மாதங்களில் வரும். மழைக்காலத்தில் முன்பணம் கட்டும் பத்து வகுப்புப் பொதியை வாங்குவதைவிட, ஒவ்வொரு வகுப்பாகப் பணம் கட்ட விடும் ஆசிரியரைத் தேடுவது புத்திசாலித்தனம். வீடியோவை அணைத்துவிட்டுக் குரலில் மட்டும் பேசினால் டேட்டாவும் மிச்சம், தடங்கலும் குறைவு.

இந்த வழியை ஆரம்பத்தில் எடுப்பது வீண்செலவு என்பது என் கருத்து. தன் குடும்பத்தைப் பற்றி மூன்று வாக்கியம் சொல்லத் திணறும் நிலையில், உயர்ந்த கட்டணம் வாங்கும் ஆசிரியர் முன் மௌனமாக இருப்பதற்கும் பணம் கட்ட வேண்டியிருக்கும். தானாகப் பேசத் தொடங்கிய பிறகு, பரீட்சைக்கு முந்திய மூன்று வாரங்களில், நான்கு மாதிரிப் பரீட்சைகளாக இதைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு ரூபாவுக்கும் பலன் உண்டு.

மூன்றாவது வழி கையிலிருக்கும் போனில் தன் குரலைத் தானே பதிவுசெய்வது. இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் இதைச் சொன்னவுடன் எல்லாரும் தலையாட்டுகிறார்கள், செய்கிறவர்கள் மிகச் சிலர். தன் குரலைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்பதுதான் காரணம்.

உயர்தரம் முடித்த ஒரு மாணவி, "உங்களுக்கு ஒரு தொழிலைக் கற்றுத்தந்தவரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற தலைப்புக்குத் தன் அப்பாயியை (அப்பாவின் அம்மாவை) தெரிவுசெய்து பேசினாள். தகரத்தில் மழை கொட்டும் சத்தத்தில் வீட்டில் பதிவுசெய்ய முடியாமல், போர்வையைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு பதிவுசெய்திருந்தாள். முதற்பதிவு 47 விநாடி. அப்பாயி நல்லவர், அன்பானவர், எனக்குக் கொழுந்தெடுக்கக் கற்றுத்தந்தார், அவரை எனக்கு மிகவும் பிடிக்கும், அவ்வளவுதான். அதன்பின் நீண்ட மௌனம், மழை. நான் அவளிடம் தமிழில் கேட்டேன்: அப்பாயி எப்படிக் கற்றுத்தந்தார்? அவள் நிற்காமல் சொன்னாள். இரண்டு இலையும் ஒரு அரும்பும் மட்டும் எடுக்க வேண்டும், நகத்தால் கிள்ளக் கூடாது, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து ஒடிக்க வேண்டும், முற்றிய இலை விழுந்தால் கூடையிலிருந்து பொறுக்கி எறிய வேண்டும், கூடைக் கயிறு நெற்றியை அறுக்காமலிருக்கத் துணியை மடித்து வைக்க வேண்டும். இவ்வளவும் அவளுக்குள் இருந்தன. அவற்றுக்கு ஆங்கிலச் சொல் தேவைப்படும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பட், ஸ்னாப், ஸ்டெம், கோர்ஸ் லீஃப், ஸ்ட்ராப் என்று ஐந்தாறு சொற்களைத் தேடி எழுதிக்கொண்டு மறுநாள் பதிவுசெய்தாள். மூன்றாம் நாள் பதிவு 1 நிமிடம் 50 விநாடி வந்தது. சொல்வளம் என்று புள்ளித்திட்டத்தில் குறிப்பிடப்படுவது இதைத்தான். கடினமான சொற்களின் பட்டியலை மனப்பாடம் செய்வதால் அது வராது. சொந்த அனுபவத்துக்குச் சரியான சொல்லைத் தேடிக்கொள்வதால் வரும்.

பதிவை ஒரு முறை கேட்டுவிட்டு அழிக்கக் கூடாது. நான்கு முறை கேட்க வேண்டும், ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் கவனித்து. முதல் முறை, எங்கே நின்றேன் என்று. இரண்டாம் முறை, எந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னேன் என்று. 'குட்', 'நைஸ்', 'வெரி' மூன்றும் பிடிபடும். மூன்றாம் முறை, வினைகளின் முடிவை: நேற்று நடந்ததைச் சொல்லும்போது 'ப்ளக்ட்' என்பது 'ப்ளக்' என்று ஓய்ந்திருக்கும். 'எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்' என்ற தமிழ் அமைப்பு உள்ளேயிருந்து தள்ளுவதால் 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்பதும் அங்கேதான் அகப்படும். நான்காம் முறை, ஒலிகளை. தமிழ் எழுத்தில் ஒரே 'ப'வும் ஒரே 'வ'வும் பல ஒலிகளுக்கு வேலை செய்வதால், 'ஃபேக்டரி' 'பேக்டரி'யாகவும், மேற்குத் திசையைக் குறிக்கும் 'வெஸ்ட்' உள்ளுடுப்பாகவும் மாறிவிடுவதை நாமே உணர்வதில்லை. இதற்குப் போனில் உள்ள குரல்வழித் தட்டச்சு நல்ல சோதனை. மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டுத் தனிச் சொற்களாகச் சொல்லிப் பாருங்கள். நாம் குடிப்பதையும் நகலெடுப்பதையும் தமிழில் 'காப்பி' என்றே சொல்லிப் பழகியதால், அந்த மாணவி குடிக்கும் காப்பியைச் சொல்லும்போதெல்லாம் போன் நகலைத்தான் எழுதிக் காட்டியது. உதட்டைக் கடித்து 'ஃப' சொல்லிப் பழக அவளுக்கு நான்கு நாள் பிடித்தது. முழு வாக்கியங்களில் இந்தச் சோதனையை முழுமையாக நம்ப முடியாது. சொன்னது பிழையாக இருந்தாலும் போன் அனுமானித்துச் சரியாக எழுதிவிடும்.

இந்த வழியின் குறை ஒன்றே, ஆனால் பெரியது: போன் கேள்வி கேட்காது. முதற்பகுதியும் இரண்டாம் பகுதியும் இதனால் வளரும். மூன்றாம் பகுதி வளராது. எதிர்பாராத கேள்வி வரும்போது யோசித்துக்கொண்டே பேசும் பழக்கத்துக்கு எதிரில் ஒரு மனிதர் வேண்டும்.

அந்த மனிதர் யார் என்பதுதான் நான்காவது வழி. வகுப்பில் கிடைத்த நண்பரை இங்கே பயன்படுத்திக்கொள்ளலாம். ஒருவர் பரீட்சகராக, ஒருவர் பரீட்சார்த்தியாக, நிமிடக்கணக்கு வைத்து, வாரத்துக்கு நான்கு மாலைகள் 14 நிமிடம் வீதம் மாறி மாறிப் பேசினால், ஒருவருக்கு வாரத்தில் ஏறத்தாழ ஒரு மணிநேரம் பரீட்சை சூழலிலேயே கழிகிறது. இருவரும் ஒரே பிழையைச் செய்பவர்களாக இருந்தால் திருத்த ஆளில்லை என்பது உண்மைதான். ஆனாலும் பேச்சின் ஓட்டம் வந்துவிடும், கூச்சம் போய்விடும்.

நண்பரைவிட எனக்குப் பிடித்தவர்கள் ஓய்வுபெற்ற தோட்டத்து உத்தியோகத்தர்கள். பெரிய கிளாக்கராகவோ டீ மேக்கராகவோ முப்பது வருடம் துரைமாரோடு ஆங்கிலத்தில் பேசி, ஆங்கிலத்தில் கடிதம் எழுதி ஓய்வுபெற்ற ஐயாக்கள் பல தோட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய ஆங்கிலத்தில் அலுவலகக் கடிதத்தின் சாயல் இருக்கும். சில தொடர்கள் இன்று வழக்கில் இல்லாதவை. அவற்றை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவர்களிடம் கிடைப்பது கேள்விகள். "இளைஞர்கள் ஏன் தோட்டத்தை விட்டுக் கொழும்புக்குப் போகிறார்கள்? போவது நல்லதா? போகாமலிருக்க என்ன செய்யலாம்?" என்று அவர்கள் விடாமல் கேட்பது அப்படியே மூன்றாம் பகுதிதான். வாரத்தில் இரண்டு மாலை அவர்கள் வீட்டு விறாந்தையில் அமர்ந்து பேச அனுமதி கேட்டால், மறுக்கிறவர்களை நான் பார்த்ததில்லை. அவர்களுக்கும் பேச ஆள் வேண்டியிருக்கிறது.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. பெரியவர் முன்னால் ஒரு சொல்லில் பதில் சொல்வதுதான் மரியாதை என்று நம் பிள்ளைகள் வளர்க்கப்படுகிறார்கள். "யெஸ் சேர்", "நோ மிஸ்" என்று சொல்லித் தலைகுனிந்துகொள்ளும் பிள்ளை, பரீட்சகர் முன்னாலும் அதையே செய்கிறது. அங்கே அது மரியாதையாக எடுத்துக்கொள்ளப்படாது. பேசத் தெரியாதவர் என்றே பதியப்படும். அதேபோல, நேரம் முடிந்ததும் பரீட்சகர் நடுவில் நிறுத்திவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார். அதைக் கோபம் என்று எண்ணிச் சுருங்கிவிடும் பிள்ளைகளும் உண்டு. ஒரு பெரியவரின் முகத்தைப் பார்த்து, காரணம் சொல்லி, தேவைப்பட்டால் மாற்றுக் கருத்தும் சொல்லும் பழக்கத்தை, அன்பான ஒரு பெரியவர் முன்னால்தான் பழக முடியும்.

ஐந்தாவதாக, செயற்கை நுண்ணறிவோடு குரலில் உரையாடும் செயலிகள். இரவு பதினொரு மணிக்கும் கேள்வி கேட்கும், அலுத்துக்கொள்ளாது, சிரிக்காது. தனியே இருக்கும் கூச்சமுள்ள பிள்ளைக்கு இது நல்ல துணை. ஆனால் எதற்கெடுத்தாலும் பாராட்டும். அது தரும் பேண்ட் (புள்ளி) மதிப்பீட்டை நம்பிப் பரீட்சைத் திகதியை முடிவு செய்யாதீர்கள். போனில் பதிவுசெய்யும் வழியில் இல்லாத கேள்விகளை நிரப்பும் துணையாக மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம்.

எது யாருக்கு என்று கேட்டால், ஆளைப் பொறுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. எல்ல, நானுஓயா பக்கம் சுற்றுலாப் பயணிகளோடு வேலை செய்யும் இளைஞருக்குச் சரளத்தில் குறையில்லை. இலக்கணமும் சொற்களின் துல்லியமும்தான் இழுக்கும். அவர் நண்பரோடு பேசிப் பழகினால் பிழைகள் இன்னும் இறுகும். அவருக்குப் பதிவுசெய்து நான்கு முறை கேட்பதும், பணம் இருந்தால் திருத்துவதில் கண்டிப்பான இணையவழி ஆசிரியரும் பொருந்தும். எழுத்தில் நன்றாகச் செய்து பேச்சில் ஊமையாகும் உயர்தர மாணவருக்கு நண்பரும் ஓய்வுபெற்ற ஐயாவும் முதலில், திருத்தம் பிறகு. வேலை முறை மாறிக்கொண்டே இருக்கும் தாதி ஒருவரால் ஞாயிறு வகுப்புக்கு ஒழுங்காகப் போக முடியாது. போனும் செயலியும்தான் அவருடைய நேரத்துக்கு இசைந்து வரும்.

பொதுவாக ஒருவர் கையில் எட்டு வாரமும் குறைந்த பணமும் இருந்தால் நான் சொல்வது இதுதான்: முதல் மூன்று வாரம் நகரத்து வகுப்புக்குப் போய் அமைப்பைத் தெரிந்துகொண்டு நண்பர் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் நாளிலிருந்தே தினமும் ஒரு தலைப்பு அட்டையைப் பதிவுசெய்யுங்கள். நான்காம் வாரத்தில் வகுப்பை நிறுத்தி, அந்தப் பஸ் காசையும் வகுப்புக் கட்டணத்தையும் சேர்த்து வையுங்கள். அந்த இடத்தில் நண்பரும் விறாந்தையும் வரட்டும். சேர்த்த பணத்தில் கடைசி மூன்று வாரத்தில் நான்கு மாதிரிப் பரீட்சைகளை இணையவழியில் எடுங்கள். மூன்றாவது மாதிரியிலும் தேவையான புள்ளி வராவிட்டால், பரீட்சைத் திகதியைப் பிற்போட முடியுமா என்று அப்போதே விசாரியுங்கள். கணினிவழிப் பரீட்சை எழுதியவர்களுக்கு, அந்த வசதியுள்ள நிலையங்களில், 60 நாட்களுக்குள் ஒரு பகுதியை மட்டும் மீண்டும் எழுதும் வாய்ப்பும் உண்டு. அந்தப் பெறுபேற்றை எல்லா நிறுவனங்களும் ஏற்பதில்லை என்பதால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பேச்சுப் பரீட்சை மற்றப் பகுதிகள் நடக்கும் நாளிலேயே நடக்கும் என்று எண்ண வேண்டாம். அதற்கு ஒரு வாரம் முன்னரோ பின்னரோ அழைக்கப்படலாம். நிலையம் கொழும்பிலோ கண்டியிலோ அமைந்தால், மலையிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு நேரத்துக்குப் போய்ச் சேரலாம் என்று கணக்கிடுவதைவிட முதல் நாள் மாலையே போய் உறவினர் வீட்டில் தங்குவது நல்லது. மண்சரிவோ ரயில் தாமதமோ அன்றைக்கென்று வரும். காலையில் எழுந்ததும், அந்த வீட்டில் யாருக்கும் ஆங்கிலம் புரியாவிட்டாலும், ஒரு தலைப்பு அட்டையை எடுத்து இரண்டு நிமிடம் உரக்கப் பேசிவிட்டுப் போங்கள். பரீட்சகர் முன் சொல்லும் முதல் வாக்கியம் அன்றைய நாளின் முதல் ஆங்கில வாக்கியமாக இருக்கக் கூடாது.